பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் பதவிக்கு வந்தவர் என்ன செய்ய வேண்டும்? லாபிஸிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

1964 செப்டம்பர் 2ஆம் தேதி, ஜொகூர் மாநிலத்தில் எங்கள் லாபிஸைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் காட்டிலும் ஏறக்குறைய நூறு இந்தோனேசியப் பாராசூட் படையினர் இறங்கினார்கள். மலேசியா உருவானதை ஏற்க மாட்டேன் என்று இந்தோனேசிய அதிபர் சுகார்னோ முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. கூர்க்கா படையும் நியூசிலாந்துப் படையும் மரம் மரமாகத் தேடித்தான் அவர்களைப் பிடித்தன. பெரிய நாட்டோடு உரசல் வந்தால் அது முதலில் யார் தலையில் விழும் என்று எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்றைக்கும் ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் சிங்கப்பூர் தண்ணீர், சீனா போடும் ரயில், இந்தோனேசியத் தொழிலாளி மூன்றையும் பேசி முடித்துவிடுவார்கள். பிரதமர் மாறினால் பேச்சு இன்னும் சூடாகும். “ஏன் தம்பி, இவரு மொதல்ல அங்க போயி எதுக்கு நிக்கிறாரு?” என்று ஒரு பெரியவர் கேட்பார். இந்த வழிகாட்டி அப்படிக் கேட்பவர்களுக்காக. நாட்டுத் தலைவர் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் ஓட்டுப் போடுகிற நாம் படித்து வைத்துக்கொண்டால், யார் வந்தாலும் மார்க் போட வசதியாக இருக்கும்.

நான் எந்தப் பக்கம் என்பதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். பேச்சு தணிந்திருக்க வேண்டும், கோப்பு இறுகியிருக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகக் கேட்கிறோம்: மேடையில் முழங்கு, கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

முதல் வாரம்: கணக்கு எடுங்கள்

தூதர்களுக்குக் கை கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு வேண்டும். அவர்களிடமிருந்து நமக்கு என்ன வருகிறது, நம்மிடமிருந்து அவர்களுக்கு என்ன போகிறது, எது நின்றால் யார் வீட்டில் உலை கொதிக்காது?

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை அறுக்கும் கைகளில் பல இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. லயத்தில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். ஆலையில் பிழியும் எண்ணெய் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறுகிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, ஜொகூர் பாலத்தில் தினமும் சிங்கப்பூர் போய்வந்தவர்கள் அந்தப் பக்கமே தங்கிவிட நேர்ந்தது. பெற்றவர்கள் சாவுக்குக்கூட வர முடியாமல் போனில் பார்த்து அழுதவர்கள் உண்டு. 2022 ஏப்ரல் 1 வரை எல்லை முழுதாகத் திறக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், வீட்டுப் பணியாளர் ஒப்பந்தத்தை மலேசியா மீறுகிறது என்று சொல்லி இந்தோனேசியா புதிய ஆட்களை அனுப்புவதைச் சில வாரம் நிறுத்தி வைத்தது. குலை அறுக்க ஆளில்லாமல் மரத்தடியிலேயே பழம் அழுகிய நேரம் அது.

இந்தக் கணக்கை எடுத்தால் இரண்டு விஷயம் தெரியவரும். பெரியவருக்கும் நம்மால் ஏதோ ஆக வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. நாமே இன்னொருவருக்குப் பெரியவராக இருக்கிறோம் என்பது மற்றொன்று. ஜகார்த்தாவைப் பார்க்கும்போது சிறியவராக உணரும் புத்ராஜெயா, அதாவது நம் மலேசிய அரசு, சிங்கப்பூரின் கண்ணுக்குத் தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்திருக்கும் பெரிய வீடு. தனக்குப் பெரியவர் எப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரோ, அப்படித் தன்னைவிடச் சிறியவரிடம் தலைவர் நடக்கிறாரா? இதைக் கேட்டாலே அவர் தரம் பாதி தெரிந்துவிடும்.

கம்பெனித் தோட்டத்துக்கு நடுவே ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரைப் பார்த்திருப்பீர்கள். அவர் லோரி கம்பெனி ரோட்டில்தான் போயாக வேண்டும். மானேஜரைக் கண்டால் வணக்கம் சொல்வார், தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புவார். எல்லைக் கல் ஓர் அடி நகர்ந்தால் மட்டும், மறுநாள் காலை நிலப் பத்திரத்தோடு நில அலுவலக வாசலில் நிற்பார். இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த மனிதர் செய்வதுதான்.

தேர்தல் மேடையில் சொன்னதை இறக்கி வையுங்கள்

பெரிய நாட்டைத் திட்டினால் கைத்தட்டல் நிச்சயம். ஓட்டும் கிடைக்கலாம். மாலத்தீவில் 2023இல் முகமது முய்சு ஜெயித்தது, இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்ற முழக்கத்தோடுதான். முதல் பயணங்களில் தில்லியை ஒதுக்கிவிட்டு 2024 ஜனவரியில் பெய்ஜிங் போனார். அதே மாதம் அவருடைய துணை அமைச்சர்கள் மூவர் இந்தியப் பிரதமரை இணையத்தில் கேலி செய்து பதவி இடைநீக்கம் ஆனார்கள். இந்தியச் சுற்றுப்பயணிகள் குறைந்தார்கள். சுற்றுலாவை நம்பி வாழும் நாட்டுக்கு அது சின்ன அடியல்ல.

ஆனால் முய்சுவை வெறும் முட்டாள் என்று எழுதிவிட முடியாது. கேட்டது அவருக்குக் கிடைத்தது: 2024 மே மாதத்துக்குள் படையினர் போய், இந்தியா தந்த விமானங்களை இயக்கச் சீருடையில்லாத தொழில்நுட்ப ஆட்கள் வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவரே தில்லிக்குப் போய் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி பெற்றுத் திரும்பினார். கோரிக்கை நிறைவேறியது பேச்சுவார்த்தையில். காசு போனது கேலியால். ஆட்சிக்கு வந்த அன்றே தலைவர் தன் அமைச்சர்களின் போனை வாங்கிப் பூட்டி வைத்தால்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் பயணம்

இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அவ்வளவுக்கு விஷயமில்லை. பக்கத்து வீட்டுக்கு முதலில் போவது வழக்கமென்றால் போய்விட வேண்டும். நம் பிரதமர் அன்வார் இப்ராகிம் 2023 ஜனவரியில் முதல் அதிகாரப்பூர்வப் பயணமாக ஜகார்த்தா போனார், அந்த மாதமே சிங்கப்பூரும் போய்வந்தார். வழக்கத்தை மாற்றினால் அதற்கு ஆயிரம் அர்த்தம் கற்பிப்பார்கள். அந்த அர்த்தம் உங்களுக்கு வேண்டியதாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அந்தப் பெரியவர் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

கோப்பு அறைக்குப் போங்கள்

ஒரு தலைவர் தன் முதல் மாதத்தை இங்கே செலவழித்தாலும் தகும். ஜொகூர்க்காரனாக இருப்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

1953 ஜூனில், பூலாவ் பத்து பூத்தே என்ற பாறைத் தீவின் நிலை என்ன என்று சிங்கப்பூர்க் காலனி அரசு ஜொகூருக்குக் கடிதம் எழுதியது. செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் போட்டார்: அதன் உரிமையை ஜொகூர் அரசு கோரவில்லை. விஷயம் அத்தோடு முடிந்தது. அரை நூற்றாண்டு கழித்து வழக்கு அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனபோது, ஆதியில் அந்தத் தீவு ஜொகூருடையதுதான் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் 2008 மே 23ஆம் தேதி 12க்கு 4 என்ற கணக்கில் தீவு சிங்கப்பூருக்குப் போனது. அந்தக் கடிதமும், பிறகு பல ஆண்டுகள் சிங்கப்பூர் அங்கே செய்த வேலைகளுக்கு நம் பக்கம் காட்டிய மௌனமும் தீர்ப்பில் பெரிய இடம் பிடித்தன. பக்கத்திலுள்ள நடுப் பாறைகள் மட்டும் நமக்குக் கிடைத்தன.

அதே நீதிமன்றம் 2002 டிசம்பர் 17ஆம் தேதி சிப்பாடான், லிகித்தான் தீவுகளை இந்தோனேசியாவுக்குத் தராமல் நமக்குத் தந்தது. எதை வைத்து? 1917இல் வட போர்னியோ நிர்வாகம் ஆமை முட்டை எடுப்பதற்குப் போட்ட விதி, 1933இல் சிப்பாடானைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தது, அறுபதுகளில் கட்டிய கலங்கரை விளக்கங்கள். போர்க்கப்பலோ வீர உரையோ அங்கே செல்லுபடியாகவில்லை. ஆமை முட்டைக்கு உரிமம் எழுதிக்கொடுத்த ஏதோ ஒரு கிராணிதான் (குமாஸ்தா) இரண்டு தீவுகளைக் காப்பாற்றியிருக்கிறார்.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் தினமும் 25 கோடி கேலன் எடுக்கலாம், ஆயிரம் கேலனுக்கு 3 காசு, 2061 வரை. 25 ஆண்டுக்குப் பிறகு விலையை மறுபடி பேசலாம் என்று ஒப்பந்தத்தில் இடமிருந்தது. அந்த 1987 வந்தது, போனது. மலேசியா கேட்கவில்லை. அந்த உரிமை இன்னும் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்பதுதான் அப்புறம் நடந்த சண்டையெல்லாம். சிங்கப்பூர் ஏமாற்றிவிட்டது என்று கடையில் மேசையைத் தட்டுபவர்களிடம் நான் கேட்பது, அந்த வருடம் நம் நாட்காட்டியை யார் வைத்திருந்தார் என்றுதான்.

ஆகவே தலைவர் செய்ய வேண்டியது இது. நடப்பிலுள்ள ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் எந்தத் தேதியில் என்ன உரிமை திறக்கிறது என்று ஒரு பட்டியல் போடச் சொல்ல வேண்டும். எல்லை, தீவு, கடல் பற்றி எந்த அதிகாரியும் தன் பெயரில் பதில் அனுப்பக் கூடாது, சட்டத்துறைத் தலைவரின் பார்வைக்கு வந்தே போக வேண்டும். உரிமை கோரும் இடத்தில் சின்னச் சின்ன நிர்வாக வேலைகள் நிற்காமல் நடக்க வேண்டும்: மீன்பிடி உரிமம், வானிலைப் பதிவு, விளக்குப் பராமரிப்பு. எதிர்த்தரப்பு ஏதாவது செய்தால் அதே வாரம் எதிர்ப்புக் குறிப்பு எழுத்தில் போக வேண்டும், சத்தமில்லாமல். ஏற்கெனவே நடக்கும் வழக்கைக் கைவிடுவதானாலும் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பத்து பூத்தே தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்ட மனுவை 2018 மே மாதம் புதிய அரசு திரும்பப் பெற்றது. பின்னாளில் அதற்கென்றே ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கும்படி ஆயிற்று.

வாயைத் திறந்தால் விலை கேளுங்கள்

இது தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் அப்போதைய பிரதமர் மகாதீர் காஷ்மீர் பற்றிப் பேசினார். அந்த ஆண்டு மலேசியச் செம்பனை எண்ணெயை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. 2020 ஜனவரியில் சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. பதிலடி கொடுக்க நாம் ரொம்பச் சிறிய நாடு என்று மகாதீரே சொல்லிவிட்டார். மார்ச்சில் ஆட்சி மாறியது. மே மாதம் மலேசியா இந்தியாவிடம் ஒரு லட்சம் டன் அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டது, எண்ணெய்க் கப்பல்களும் ஓடத் தொடங்கின. இந்தியா கடல் தாண்டி இருக்கிறது, ஒட்டிய எல்லை இல்லை. ஆனால் நம் ஆலைக்கு அது பக்கத்து வீடுதான்.

அப்படியானால் சிறிய நாட்டின் தலைவர் நியாயம் பேசவே கூடாதா? பேசலாம். சில நேரம் பேசித்தான் ஆக வேண்டும். அங்கே பேசியது சரியா தவறா என்பதில் எங்கள் கடையிலேயே இரண்டு மேசை உண்டு, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் பேசுவதற்கு முன் வர்த்தக அமைச்சரைக் கூப்பிட்டு, அவர்கள் எதை நிறுத்துவார்கள், எத்தனை மாதம் தாங்குவோம், யாருக்கு அடி, அவர்களுக்கு என்ன ஈடு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கொள்கை தலைவருடையது, கூலிக்குறைவு குலை அறுப்பவருடையது என்று ஆகிவிட்டால், அந்தக் கொள்கையில் பாதிப் பெருமை போய்விடுகிறது.

ஒரே கதவை நம்பாதீர்கள்

தலைவரும் தலைவரும் கட்டிப்பிடித்து எடுத்த படம் பத்திரிகைக்கு நல்லது. ஒருவர் பதவி போனால் படத்தோடு உறவும் போய்விடும். இந்தோனேசிய மோதல் எப்படி முடிந்தது என்று பாருங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, ஜகார்த்தாவில் சுகார்னோவின் கொள்கை பிடிக்காத இராணுவ அதிகாரிகள் மலேசியத் தரப்போடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தார்கள். அலி முர்தொப்போ அதில் முக்கியமானவர். அதே சமயம், பிடிபட்ட ஆயுதங்களை மலேசிய அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் கொண்டுபோய் எல்லாரும் பார்க்க வைத்தார். கண்டனத் தீர்மானத்தைச் சோவியத் யூனியன் வீட்டோ போட்டு விழுத்தியது உண்மைதான், ஆனாலும் உலகம் பார்த்துவிட்டது. முன்வாசலில் வழக்கு, பின்வாசலில் பேச்சு. ஜகார்த்தாவில் அதிகாரம் கைமாறியதும் இந்தக் கதவு தயாராக இருந்தது. 1966 மே இறுதியில் பாங்காக்கில் மலேசியத் துணைப் பிரதமர் துன் ரசாக்கும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆதாம் மாலிக்கும் உட்கார்ந்தார்கள், ஆகஸ்ட் 11ஆம் தேதி ஜகார்த்தாவில் சமாதானம் கையெழுத்தாயிற்று. சரியாக ஓராண்டுகூட ஆகவில்லை, 1967 ஆகஸ்ட் 8இல் அதே இருவரும் இன்னும் மூன்று நாட்டு அமைச்சர்களோடு ஆசியான் அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஆசியான் என்றதும் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இந்தோனேசியாவில் காடும் தோட்டமும் எரிந்து இங்கே வரும் புகைமூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கையெழுத்து, இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014இல். நடுவில் 2013 ஜூனில் எங்கள் ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டு அவசரநிலை போட்டார்கள். எரிந்த தோட்டங்களில் மலேசியக் கம்பெனிகளுக்கும் பங்குண்டு என்று இந்தோனேசியா திருப்பிக் கேட்டபோது நம்மிடம் உடனடிப் பதிலும் இல்லை. மெதுவான வண்டிதான், ஆனால் வேறு வண்டி இல்லை.

பழைய ஒப்பந்தம் கசந்தால்

கிழித்துப் போடாதீர்கள், திறந்து பேசுங்கள். சீனா போடும் கிழக்குக் கரை ரயில் திட்டத்தை 2018 ஜூலையில் புதிய அரசு நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் மகாதீர் பெய்ஜிங் போனபோது புதிய வகைக் காலனியாதிக்கம் பற்றி எச்சரித்தார், மேடையில் கொஞ்சம் காரம்தான். அதற்குப் பின்னால் முன்னாள் நிதியமைச்சர் டைம் சைனுதீன் சத்தமில்லாமல் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். 2019 ஏப்ரலில் 65.5 பில்லியன் வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த திட்டம் 44 பில்லியனாக இறங்கியது. சீனாவுக்கும் முகம் போகவில்லை, ரயில் ஓடப்போகிறது. இதில் பார்க்க வேண்டியது: ரத்து என்பது மிரட்டலாக மேசையில் இருந்தது, பேசியவர் ஒரே ஆள், இழப்பீடு எவ்வளவு வரும் என்ற கணக்கு கையில் இருந்தது.

மாற்று வழியைச் சண்டைக்கு முன்பே கட்டுங்கள்

இதில் நமக்கு ஆசான் சிங்கப்பூர்தான், வேறு வழியில்லை. தண்ணீருக்கு நம்மை நம்பியிருந்த நாடு, கழிவுநீரைச் சுத்திகரித்து 2003இலும் கடல்நீரைக் குடிநீராக்கி 2005இலும் குழாயில் விடத் தொடங்கியது. ஒப்பந்தம் முடிவது 2061இல்! இதோடு நேப்பாளத்தை வைத்துப் பாருங்கள். 2015 செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம் வந்ததும் இந்திய எல்லையில் பெட்ரோலும் மருந்தும் நின்றன, சில மாதம் மக்கள் விறகடுப்பு மூட்டினார்கள். அதற்குப் பிறகுதான், 2016 மார்ச்சில், சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம். இமயமலையைத் தாண்டி வரும் சாலை, சமவெளிச் சாலைக்கு ஈடாகவில்லை.

எங்கே நிற்பது

விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டோ மூன்றோதான் இருக்க வேண்டும். பத்து இருந்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். சரவாக் கடலில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் சுற்றுகின்றன. மலேசியா அதிகம் கத்துவதில்லை, எரிவாயுத் துரப்பணத்தையும் நிறுத்துவதில்லை. 2021 மே 31இல் 16 சீன இராணுவ விமானங்கள் சரவாக் அருகே பறந்தது போன்ற சில சமயங்களில்தான் வெளிப்படையாகத் தூதரைக் கூப்பிட்டார்கள். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கு ஓர் ஆபத்து உண்டு, பின்லாந்தைப் பார்த்தால் புரியும். சோவியத்தோடு 1948இல் உடன்படிக்கை போட்டு, அமைதியாக இருந்து, 1956இல் சோவியத் வசமிருந்த போர்க்கலா தளத்தைக்கூடத் திரும்ப வாங்கினார்கள். தேர்தலும் நீதிமன்றமும் பிழைத்தன. ஆனால் மாஸ்கோவைப் பற்றிப் பத்திரிகைகள் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் ஊறிவிட்டது. தலைவர் தணிந்து பேசலாம். மீனவரும் பத்திரிகையாளரும் தணிய வேண்டும் என்று அவர் கேட்கத் தொடங்கினால் அங்கே நிறுத்த வேண்டும்.

சொந்தக் குடிமக்களைப் பணயம் வைக்காதீர்கள்

1974 மே 31இல், அப்போது பிரதமராகிவிட்ட துன் ரசாக் பெய்ஜிங்கில் கையெழுத்திட்ட அறிக்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது, இரட்டைக் குடியுரிமை கிடையாது என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட இடம்தான். இங்கே குடியுரிமை பெற்ற சீனர் மலேசியர், பெய்ஜிங்குக்கு அவர் மேல் உரிமை இல்லை. பக்கத்து நாட்டோடு உரசல் வரும்போதெல்லாம் இங்குள்ள அதே இனத்தவரை ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கிற வழக்கத்துக்கு அது ஒரு பூட்டு. செம்பனை விவகாரத்தின்போது நம்மையும் சிலர் அப்படிப் பார்த்தது நினைவிருக்கும். அந்த நேரத்தில் தலைவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இவர்கள் நம்மவர்கள் என்று. சொல்லாமல் விட்டால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்

இரு தலைவர்கள் தனியே பேசும் சந்திப்புகள் வசதியானவை, ஆனால் அங்கே பேசியது இரண்டு தலைக்குள் மட்டும் இருந்தால் அடுத்தவர் வந்து முட்டிக்கொள்வார். சிங்கப்பூரிலிருந்த நம் ரயில் நிலங்கள் பற்றி 1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவும் நம் நிதியமைச்சராக இருந்த டைம் சைனுதீனும் கையெழுத்திட்டார்கள். கையெழுத்து இருந்தும் அதன் பொருள் என்ன என்பதில் இரு பக்கமும் 20 ஆண்டு இழுத்துக்கொண்டன. 2010இல் அப்போதைய பிரதமர்கள் நஜிப்பும் லீ சியன் லூங்கும் தீர்த்து வைத்தார்கள், 2011 ஜூலை 1 முதல் லாபிஸில் நின்று போகும் ரயில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்துக்குப் போவதில்லை. நிலத்துக்கான மேம்பாட்டுக் கட்டணத்தில் மிச்சமிருந்த தகராறை நடுவர் மன்றத்துக்கு அனுப்பினார்கள். 2014இல் தீர்ப்பு வந்தது, இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

அதனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு குறிப்பாளர் உள்ளே இருக்கட்டும். குறிப்பு இரு மொழியிலும் அதே நாளில் எழுதப்பட்டு, இரு பக்கமும் ஒப்புக்கொண்டு, வெளியுறவு அமைச்சின் கோப்பில் சேரட்டும். பதவி போகும் நாளில், எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எந்தத் தேதி நெருங்குகிறது என்று ஒரு தாள் அடுத்தவர் மேசையில் இருக்க வேண்டும், அவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தாலும்.